சோக்குக் குமிழில் கட்டிய கயிறு

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சோறு சாப்பிட்டுவிட்டு நாமெல்லாம் கால் நீட்டி உட்காருகிறோமே, அப்போது உங்களுக்கு வருகிற பேச்சு எப்போதும் பள்ளிக்கூடம்தான். ஒருத்திக்கு டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய கதை. இன்னொருத்திக்கு நாடகத்தில் ராணி வேஷம் கட்டி, கிரீடம் கழன்று விழுந்த கதை. நான் வாயைத் திறப்பதில்லை. பாதியில் நின்றவளுக்கு என்ன கதை இருக்கப்போகிறது என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். போன வாரம் ஒருத்தி கேட்டே விட்டாள், "ஏன்டி நின்ன? நீதான நல்லாப் படிச்ச?" என்று.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. கார் சரியில்லை, அதனால் நிறுத்திவிட்டோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். அம்மா கடைசிவரை அதைத்தான் சொன்னாள். அந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே இன்றைக்கு நான் சொல்கிறேன், நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு கேளுங்கள். நடுவில் உங்கள் மருமகள் புராணத்தைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள்.

மெர்டேக்கா வரப்போகிறது, சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். வெள்ளைக்காரர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ரப்பர் வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய துரை கப்பலேறுவதற்கு முன்னால் தன் பழைய காரை அப்பாவுக்குத் தள்ளிவிட்டுப் போனார். கறுப்பு நிறம், உருண்டையான முன்விளக்கு, உள்ளே சிவப்புத் தோல் இருக்கை. அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது. நாங்கள் இருந்த காஜா பெராங் வீட்டு வரிசையில் அதுவரை சைக்கிள்தான் பெரிய வாகனம். அப்பா லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவும் நண்பர் ஒருவரின் காரில் கற்றுக்கொண்டு எடுத்தது.

காரைக் கொண்டுவந்து விட்டவர் துரையின் மலாய் டிரைவர். அப்பாவை முன்னால் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் பின்னால் ஏறி, இருக்கையின் தோலை முகர்ந்துகொண்டிருந்தேன். சுருட்டு வாசமும் மழையில் நனைந்த நாய் வாசமும் கலந்து வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குமிழைப் பிடித்து அவர் மலாயில் சொன்னார்: "செஜோக், தாரேக். பானாஸ், தோலாக்." எஞ்சின் குளிர்ந்திருந்தால் இழு, சூடானதும் உள்ளே தள்ளு. அவ்வளவுதான். அப்பா "யா, யா" என்று தலையாட்டினார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாக, வேலிக்கு அப்பால் நின்ற கூட்டத்தை. எதிர்வீட்டுக்காரர்கள், பக்கத்துவீட்டுக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அந்தக் குமிழ்தான் சோக்கு. அதன் பெயர் எனக்கு அப்போது தெரியாது. தாரேக், தோலாக் என்பது மட்டும் காதில் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் காருக்குப் பூசை. பண்டாரம் வந்து சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, மஞ்சளில் தோய்த்த கயிற்றை எடுத்தார். வழக்கப்படி ஸ்டியரிங்கில் கட்டப்போனார். அப்பா, "அதுல வேணாங்க, திருப்பும்போது கையில மாட்டும், திரும்பாத எடத்துல கட்டுங்க" என்றார். திரும்பாத இடம் என்று பார்த்தபோது நீட்டிக்கொண்டிருந்த குமிழ் கண்ணில் பட்டது. விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்ப அப்பாதான் அதை இழுத்து வைத்திருந்தார். பண்டாரம் குமிழின் கழுத்தில் கயிற்றைச் சுற்றினார், சுற்றினார், ஒரு விரலி மஞ்சளையும் உள்ளே வைத்து இறுக்கிச் சுற்றினார். அதற்கு மேலே ஒரு கதம்பச் சரத்தையும் போட்டார்.

"ஒரு மண்டலம் இதை அவுக்கக் கூடாது. கையும் வைக்கக் கூடாது" என்றார்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். குமிழ் உள்ளே போகவேண்டிய இடத்தில் மஞ்சளும் கயிறும் அடைத்துக்கொண்டன. சோக்கு இழுத்தபடியே நின்றுவிட்டது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை. கேசரி வந்ததும் ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து கார் கறுப்புப் புகையாகக் கக்கியது. நின்ற இடத்தில் லொடக் லொடக்கென்று குதித்தது. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. ஓட்டிவிட்டு நிறுத்தினால் மறுபடி கிளம்ப அழிச்சாட்டியம் பண்ணியது. பழைய வண்டி, போகப் போகப் பழகிவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே நான் வயதுக்கு வந்தேன்.

சிரம்பானில் இருந்த அத்தைக்குத் தந்தி பறந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்கள் குடும்பத்துச் சட்டங்களையெல்லாம் தன் இடுப்பில் சாவிக்கொத்துபோல் செருகிக்கொண்டு திரிந்தவள். அவள் வந்து இறங்கியதும் என்னை வீட்டின் ஓரத்திலிருந்த சாமான் அறைக்கு மாற்றினாள். அரிசி மூட்டை, தேங்காய்க் குவியல், உடைந்த தையல் மிஷின், நடுவில் என் பாய். தனித் தட்டு, தனிக் குவளை. ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அப்பாவோடுகூடப் பேசக்கூடாது. காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க ஒரு பாக்குவெட்டியைக் கையில் கொடுத்து, எங்கே போனாலும் இது கூடவே வரவேண்டும் என்றாள். போவதற்கு இடம் எது? பின்னால் கக்கூசு, திரும்பி வந்தால் மூட்டை.

உங்களில் பாதிப்பேர் இதையெல்லாம் அனுபவித்தவர்கள்தான். பலகாரமும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து ராணி மாதிரி வைத்திருந்தார்கள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்படி இல்லை, தாயே. எனக்கு மூச்சு முட்டியது. வெளியே தகரக் கூரை வெயிலில் டப்டப்பென்று வெடிக்கும். மூட்டைகளுக்கு நடுவில் வண்டு ஊரும். பக்கத்து அறையில் என்னைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள், நான் அதைப் பலகைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேச்சு ஒன்றே ஒன்றுதான். இவள் இனிமேல் பள்ளிக்கூடம் போகலாமா, வேண்டாமா?

"போனது போதும் தம்பி. வயசுப் பொண்ணு பாசார்க் கடைத்தெரு வழியா நடந்து போறதும், பெச்சாக்காரன் பின்னால மிதிக்க இவ முன்னால உக்காந்து போறதும் நல்லாவா இருக்கு?" இது அத்தை.

"நடந்து ஏன் போறா? நம்மகிட்டக் காடி இருக்கு. நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டியாரேன். அப்ப யாரு என்ன சொல்லுவாங்க?" இது அப்பா.

"இந்தப் பொகை வண்டியிலயா? நேத்துப் பாசார் முக்குல நின்னுபோய் நாலு பேரு தள்ளுனாங்களாமே. அந்த மாதிரி நடுரோட்டுல இவளோட நிப்பியா நீ?"

அப்பா, "காடி சரியாகட்டும்க்கா. சரியாச்சுன்னா படிக்கட்டும். ஆகலன்னா நீங்க சொல்றபடி" என்றார்.

அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காக அவள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது தெரியுமா?

ஆக, என் படிப்பு அந்தக் காரின் வயிற்றுக்குள் போய்விட்டது. அந்த வருஷம்தான் எங்கள் பெரிய டீச்சர், புது நாடு வரப்போகிறது, நர்சுகளும் டீச்சர்களும் நிறைய வேண்டும் என்று சொல்லி, என் தலையைத் தொட்டு "யூ" என்றிருந்தார். அந்த "யூ"வை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தேன்.

காரைச் சரிசெய்ய வந்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. புக்கிட் ரம்பாயில் தவுக்கே ஒருவரிடம், அதாவது ஒரு சீன முதலாளியிடம், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகாதவர், வாய் நீளம், மனசு நல்லது. சடங்குக்குத் தாய்மாமன் சீர் செய்ய வந்தவரை அப்பா காருக்கடியில் படுக்கவைத்துவிட்டார். சாமான் அறையின் சன்னலுக்கு நேர் வெளியேதான் காருக்குப் போட்ட தகரக் கொட்டகை. சன்னல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து இடுக்கில் கண்ணை வைத்தால் காரின் ஸ்டியரிங் பக்கம் முழுதும் தெரியும்.

"இது மிச்சர் கோளாறு மச்சான்" என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். "காத்தும் பெட்ரோலும் அளவாக் கலக்கணும். இதுல பெட்ரோல் ஓவரு. அதான் கறுப்புப் பொகை. கார்புரேட்டருக்கு அடியில ஒரு பித்தளை நட்டு இருக்கு பாருங்க, அதை மேல ஏத்துனா பெட்ரோல் கொறையும். சீனன் பட்டறையில நான் பாத்திருக்கேன். ஒரு திருகு, வேலை முடிஞ்சுது."

அவர் சொன்னது சரிதான். பாவம், அத்தனையும் சரி. நட்டை ஏற்றினார். புகை குறையவில்லை. இன்னும் ஏற்றினார். அதே புகை. இறக்கிப் பார்த்தார், அதற்கும் ஒரு மாற்றமும் இல்லை. பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டினார். அரை நாள் நன்றாக ஓடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு மறுபடியும் லொடக் லொடக். கடைசியில், ஏறுகிற மட்டும் ஏறட்டும் என்று நட்டை மேலே முட்ட முட்டத் திருகி வைத்தார்.

விஷயம் என்னவென்றால், சோக்கை இழுத்தால் பெட்ரோல் வருகிற குழாயே அந்த நட்டை விட்டு இறங்கிக் கீழே போய்விடும். அப்புறம் நட்டு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். இதை எனக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிற்பாடு நானே கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது. மாமா காருக்குள் ஏறிப் பார்த்திருந்தால் குமிழ் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார். ஆனால் பூசை போட்ட வண்டிக்குள் எண்ணெய்க் கறையோடு யாரும் உட்காரக்கூடாது என்பது அத்தையின் சட்டம். உள்ளே அப்பா மட்டும்தான். குளித்து, வேட்டி மாற்றி, விபூதி பூசி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். மாமா வெளியே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "முடுக்குங்க மச்சான், முடுக்குங்க" என்று கத்துவார். ஒருவர் கண்ணில் நட்டு, மற்றவர் கண்ணில் சாமி படம். குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

வாடிப்போன கதம்பம் சரிந்து விழுந்த ஒரு மத்தியானம்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. செஜோக், தாரேக். பானாஸ், தோலாக். அடி, இதை இன்னும் தோலாக்கே பண்ணவில்லையே!

அம்மா தட்டு கொண்டுவந்தபோது பிடித்துக்கொண்டேன். "அம்மா, கயிறு கட்டியிருக்கிற குமிழை உள்ள தள்ளணும்மா. அந்த டிரைவர் சொன்னாரு, நான் கேட்டேன்."

அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் வெங்காய வாசம். "கயித்தைப் பத்திப் பேசாத. ஒங்க அத்தை காதுல விழுந்துச்சு, படிக்கலாமாங்கிற பேச்சும் போயிரும்" என்றாள்.

அடுத்த நாள் கார் கிளம்பவே இல்லை. அத்தை கொட்டகையில் வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். சன்னல் இடுக்கில் என் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

"அட கடவுளே! இதுதானா விஷயம்? தீட்டுக்காரி கண்ணு காலையிலேருந்து சாயங்காலம்வரைக்கும் வண்டி மேல. அப்புறம் எப்படிடா ஓடும்?"

காரை வேறு இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வேறு நிழல் இல்லையாம், பெயிண்ட் வெளுத்துவிடுமாம். அதனால் என் சன்னலை அடைத்தார்கள். மாமாதான் பலகை அடித்தார், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு.

"கோவிச்சுக்காத புள்ள. சடங்கு முடிஞ்சதும் நானே புடுங்கி எறியிறேன்" என்றார் மெதுவாக.

"மாமா, சாமிக் கயிறு கட்டியிருக்கே, அந்தக் குமிழு வெளிய நிக்குது. அதனாலதான் பொகை."

மாமா சிரித்துவிட்டார். "காடி பெட்ரோல்ல ஓடுது புள்ள, கயித்துலயா ஓடுது? நீ புட்டு சாப்பிட்டுட்டுப் பேசாமப் படு." அடுத்த ஆணியை இறக்கினார்.

அதற்குப் பிறகு இருட்டு. பகலிலேயே இருட்டு. பலகை இடுக்கில் கறுப்புப் புகை மட்டும் வரும். சோற்றில் பெட்ரோல் வாசம், தலைமுடியில் பெட்ரோல் வாசம். பார்க்க ஒன்றுமில்லாததால் கேட்க ஆரம்பித்தேன். எஞ்சின் அதிகமாகக் குடித்துவிட்டுத் திணறும்போது கனமாக, விட்டு விட்டுக் குதிக்கும். முடுக்கினால் தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் ஒரு சத்தம். சூடு ஏற ஏற இன்னும் மோசமாகும். எந்தச் சத்தத்துக்கு அடுத்து எந்தச் சத்தம் வரும், எந்த இடத்தில் நின்றுபோகும் என்று முன்கூட்டியே சொல்லுமளவுக்கு ஆகிவிட்டேன். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. கார் ஒவ்வொரு தடவை நின்றுபோகும்போதும் நான் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களிடம்தானே சொல்கிறேன். அரிசி மூட்டை மேல் குப்புற விழுந்து அழுதேன்.

சடங்கு நாள் வந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். மாமா கொண்டுவந்த பட்டைக் கட்டினார்கள், மாலை, நகை, கண்ணுக்கு மை. வெளிச்சத்துக்கு வந்தபோது கண் கூசித் தண்ணீர் கொட்டியது. பொண்ணு அழுவுது பாரு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு கோயிலுக்குப் போகவேண்டும். பக்கத்தில்தான் கோயில், நடந்தே போய்விடலாம். ஆனால் பாசார் பக்கமாக ஒரு சுற்றுப் போய் வரவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அவ்வளவு சீர் தட்டுகளையும் ஊர் பார்க்க வேண்டாமா? அன்று என்னவோ முதல் தடவையிலேயே கார் கிளம்பிவிட்டது. பின்னால் அத்தையும் அம்மாவும் மடிநிறையத் தட்டுகளோடு உட்கார்ந்தார்கள். பட்டு கசங்கக்கூடாது என்று என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். கையில் அப்போதும் பாக்குவெட்டி.

அப்பா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, லொடக், லொடக். என் முழங்காலுக்கு முன்னால் குமிழ். பின்னால் அத்தை தட்டிலிருந்து சரிந்த ஆப்பிளைத் தேடிக் குனிந்திருந்தாள். நான் யோசிக்கவில்லை. பாக்குவெட்டியை நுழைத்துக் கயிற்றை வெட்டினேன். விரலி மஞ்சள் மடியில் விழுந்தது. குமிழைத் தள்ளினேன். தோலாக்.

எஞ்சினின் சத்தம் மாறியது. கனமெல்லாம் போய், தொண்டை வறண்டு இருமுவதுபோல் ஆனது. அப்பா ஓடிவந்து ஏறிக் காலை அழுத்தினார். கார் விக்கி விக்கிக் கிளம்பி, பாசார் முக்குவரை போய், பானெட்டுக்குள்ளிருந்து டமார் என்று ஒரு வெடி போட்டு, நடுரோட்டில் நின்றது. புகை மட்டும் இல்லை. அதை நான் திரும்பிப் பார்த்தேன்.

கூட்டம் சேர எவ்வளவு நேரமாகும்? பெச்சாக்காரர்கள், காய்கறிக்காரர்கள், மீன் கூடையோடு, பீபிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டுப் பெரியம்மா. அவள் கம்போங் சிட்டிக்காரி, பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழ் வம்சம், நெற்றியில் விபூதியும் உடம்பில் கெபாயாச் சட்டையும், பேச்சு மட்டும் மலாய். "கெசியான்", பாவம், என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். சைக்கிளில் பின்னால் வந்த மாமா பானெட்டைத் திறந்தார். அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. பின்னாலிருந்து அத்தை வீரிட்டாள்.

"தம்பி! கயிறு எங்கடா? சாமி கயித்தக் காணோமே!"

"நான்தான் வெட்டினேன்" என்றேன்.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. அத்தனை நாள் அடக்கிவைத்த பேச்சு. சன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன், மாலையோடு, மையோடு.

"மாமா! இத்தனை நாளா நட்டை மேலேயே ஏத்தி ஏத்தி வச்சிருக்கீங்க. குமிழை இப்ப உள்ள தள்ளியாச்சு. பெட்ரோல் பத்தாம இருமுது. நட்டை எறக்குங்க!"

மாமா என்னைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "அட என் மடத்தனமே!" என்றார். ஸ்பேனரை எடுத்தார்.

அப்பா ஸ்டார்ட் செய்தார். இருமல். "இன்னும் எறக்குங்க மாமா." இருமல் குறைந்தது. "இன்னும்." ஓடியது, ஆனால் லேசாகக் குதித்தது, எனக்குத் தெரிந்த பழைய குதியல். "அது ஜாஸ்தி. ஒரு பொடி ஏத்துங்க. போதும் போதும், விடுங்க!"

கார் ஓடியது. தோழிகளே, அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? ஒரே சீராக, ஒன்றின்மேல் ஒன்று விழாமல், உரலில் மாவு இடிந்து மிருதுவான பிறகு கேட்குமே, அந்த மாதிரி. கூட்டத்திலிருந்து ஒரு பெச்சாக்காரர் கையை உயர்த்தி "மெர்டேக்கா!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள், திருப்பிக் கத்தினார்கள். அப்பா காலை அழுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "எம் பொண்ணு" என்று யாரிடமோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கெழமை ரெடியா இரும்மா. நம்ம காடியிலயே போவலாம்" என்றார்.

கோயிலில் நான் சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதைத்தான் வாங்கிவிட்டேனே என்று நினைத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு ஓடியது. அத்தை கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அப்பாவும் கத்தியிருப்பார். அழுதாள்.

"காடி ஓடுது தம்பி, நான் இல்லங்கல. ஆனா மாலையும் கழுத்துமா நடுரோட்டுல தலையை நீட்டி, ஆம்பளைங்களுக்கு ஏத்து எறக்குன்னு உத்தரவு போட்டா பாரு. சாமி கயித்த வெட்டிட்டு, நான்தான் வெட்டினேன்னு கண்ணப் பாத்துச் சொல்றா. இந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு? அந்தப் பள்ளிக்கூடத்துலேருந்துதான வந்துச்சு? இன்னும் படிச்சா என்ன ஆவா? யாரு வந்து கட்டுவான்?"

அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்கக் காதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போகிற சத்தம்தான் கேட்டது.

திங்கட்கிழமை அம்மா விடியலிலேயே எழுப்பினாள். சீருடையைக் கரி இஸ்திரிப் பெட்டியில் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து வைத்திருந்தாள். என்றைக்கும் இல்லாமல் எண்ணெய் வைத்து, இறுக்கி இரட்டைச் சடை பின்னி, புது ரிப்பன் கட்டினாள். முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அப்பா முடிவு செய்துவிட்டது அவளுக்கு முந்தின இரவே தெரியும் என்று பிற்பாடுதான் அறிந்தேன். தெரிந்தும் ஏன் அப்படி அலங்கரித்தாள் என்று பல வருஷம் அவளைத் திட்டினேன். என் மகளுக்குச் சடை பின்னும் வயது வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சடையையும் ரிப்பனையும் பார்த்தால், போக வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது என்று நம்பியிருக்கிறாள். அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நான் போய்க் காரில், முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா வந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு பீபிக்கின் இரண்டு பெண்கள், என் பள்ளிக்கூடத்துப் பெண்கள், அதே சீருடை. பீபிக் முந்தின நாள் வந்து கேட்டிருக்கிறாள், காடிதான் இப்போது நன்றாக ஓடுகிறதே, எங்கள் பிள்ளைகளையும் விட்டுவிடுவீர்களா என்று. அப்பா சரி என்றிருக்கிறார்.

என் பக்கத்துக் கதவை அப்பா திறந்தார். என் ரிப்பனைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார்.

"நீ எறங்கிக்கம்மா. வீட்டுல இரு" என்றார்.

"காடி சரியாயிருச்சேப்பா."

"சரியாயிருச்சு. எறங்கும்மா."

இறங்கினேன். அடம் பிடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. பீபிக்கின் பெரிய பெண் என் இடத்தில் உட்கார்ந்தாள், பட்டும் படாமலும் உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

மாமா சொன்னபடி சாமான் அறைப் பலகையைப் பிடுங்கி எறிந்தார். பிறகு அந்த அறையை அடுப்படியாக்கினார்கள், சன்னலும் அடுப்படிச் சன்னலாக ஆகிவிட்டது. அங்கேதான் நான் மாவு அரைத்தேன், மீன் கழுவினேன், கல்யாணமாகி புக்கிட் பாருவுக்குப் போகும்வரை. கொட்டகை அதே இடத்தில்தான் இருந்தது. மழைக்காலத்தில் சத்தம் கொஞ்சம் மாறும், பழைய பெட்ரோல் போட்டால் மாறும். சின்ன மாமாவைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் அப்பாவே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். காது மட்டும் அவருக்கு வரவில்லை. காலையில் பீபிக்கின் பிள்ளைகள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சன்னல் பக்கமாகக் குரல் கொடுப்பார். அந்தக் குரலில் பெருமை இருக்கும், பாசம் இருக்கும். பொய் இல்லை, நிஜமாகவே இருக்கும்.

"சத்தம் எப்படிம்மா இருக்கு?"

நான் அரைக்கிறதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். தப்பாகச் சொல்லியிருந்தால் கார் பாசார் முக்கில் நின்றிருக்கும். அதற்கு எனக்கு மனசு வந்ததே இல்லை.

"கொஞ்சம் ஏத்துங்கப்பா. ம். இப்ப சரி. போயிட்டு வாங்க."

அவர் பானெட்டைச் சாத்துவார். பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டதென்று ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுப் போவார்.